கடைசி வரியில் எடை

ஒற்றப்பாலம்,
ஜூன் 9

அன்புள்ள லதிகாவுக்கு,

சேச்சி எழுதுகிறேன். இங்கே நானும் சுகுமாரேட்டனும் சுகம். அங்கே அம்மா, உன் சசிதரன், மகள் அஸ்வதி எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் இருமல் நின்றதா?

போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் வேடிக்கையாக்கிவிடுவேன், நீயும் சிரித்துவிடுவாய், விஷயம் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

சென்ற வாரம் திருச்சூரில் டாக்டரைப் பார்த்தேன். எடை நூற்றுப் பதினேழரை. சர்க்கரை, இரண்டு முட்டியும் தேய்வு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. "டீச்சர், இனிமே நடங்க, ஓடுங்கன்னு சொல்லி உங்களை ஏமாத்த எனக்கு இஷ்டமில்ல. ஆபரேஷன் பண்ணிக்கோங்க" என்றார். இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழத்தின் பருமனுக்குத் தைத்துவிடுவார்களாம். இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் இரைப்பையை வரைந்து பாடம் நடத்துகிறவள் நான். என்னுடையதை வெட்டுவார்கள் என்றதும் பயந்துபோய் டாக்டரையே படம் வரைந்து காட்டச் சொன்னேன். ஆகஸ்ட் பதினெட்டு என்று தேதி போட்டிருக்கிறார்கள்.

சுகுமாரேட்டன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "வாயை மூடினா முடியற விஷயத்துக்கு வயித்தை எதுக்குக் கிழிக்கணும்?" என்றார். என்னைக் கட்டிக்கொண்டவர் அறுபத்திரண்டு கிலோ.

நீயும் நூறைத் தாண்டியவள், என் கூடப்பிறந்தவள். இந்த உடம்பை உள்ளிருந்து அறிந்த ஒரே ஆள் நீதான். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். யோசித்து எழுது.

சேச்சி,
ஜலஜா


திருப்பூணித்துறை,
ஜூன் 17

பிரியமுள்ள சேச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் இருமல் போய்விட்டது. புகார் மட்டும் பாக்கி. சுகுமாரேட்டன் சுகம்தானே? உங்கள் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

கடிதம் கிடைத்தது. சேச்சி, வேண்டவே வேண்டாம். நல்ல உறுப்பை வெட்டி வாளியில் போடுவதா? நாளைக்கு ஒரு கஞ்சி குடிக்கவும் முடியாமல் போனால் யார் வந்து பார்ப்பது? அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள்.

ஒரு யோசனை. இரண்டு பேரும் சேர்ந்து இளைப்போம், கத்தி படாமல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒன்றும் கிடையாது. அரிசி ஒரு வேளை. காலையில் நடை. மாதம் ஒரு கடிதம், அதன் கடைசி வரியில் எடை. போனில் கேட்டால் இரண்டு பேருமே பொய் சொல்வோம், சேச்சிக்கே தெரியும். எழுத்தில் பொய் வராது. வரும் பிப்ரவரியில், கும்ப மாதம் பரணிக்கு, உங்கள் ஊர்ப் பூக்காட்டுக்காவு பகவதியின் முன்னால் இரண்டு பேரும் துலாபாரத் தட்டில் உட்காருவோம். கதலிப்பழம், நம் எடைக்கு எடை. அதுவரைக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. ஆச்சரியமாக இருக்கட்டும்!

முதலில் அந்தத் தேதியை ரத்து செய்யுங்கள். என்மேல் ஆணை.

உங்கள்,
லதிகா

எடை: 103


ஒற்றப்பாலம்,
ஜூலை 4

அன்புள்ள லதிகாவுக்கு,

நாங்கள் சுகம். உன் வீட்டில் சுகம்தானே? அம்மாவை மழையில் முற்றத்தில் இறங்க விடாதே.

ரத்து செய்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் போனை எடுத்த பெண், "காரணம் என்னன்னு எழுதிக்கட்டும், டீச்சர்?" என்று கேட்டாள். "தங்கச்சி வேண்டாம்னுட்டா" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வைத்த பிறகு வெகுநாள் கழித்து நிம்மதியாக இருந்தது. பயத்துக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டால் எத்தனை நிம்மதி!

காலையில் கல்லூரி மைதானத்தை இரண்டு சுற்று நடக்கிறேன். மாணவர்கள் வணக்கம் சொல்லிக்கொண்டே முந்திப் போகிறார்கள். நான் இரண்டாவது சுற்றை முடிப்பதற்குள் அவர்களே திரும்ப முந்துகிறார்கள், மறுபடி வணக்கம். இந்த மாத நடுவில் கர்க்கடகம் பிறந்ததும் மருந்துக் கஞ்சி ஆரம்பிக்கிறேன். நீயும் குடி.

உடனே பதில் போடு. உன் எடையைப் பார்த்தால்தான் எனக்கு உறைக்கும்.

சேச்சி

எடை: 116.2


திருப்பூணித்துறை,
செப்டம்பர் 2

பிரியமுள்ள சேச்சிக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. கோபமா? ஜூலை நடுவில் ஒரு காய்ச்சல் பிடித்து ஆளைப் படுக்கவைத்துவிட்டது. போனைக்கூட அம்மாதான் எடுத்தாள். இப்போது சுகம். உங்கள் முட்டி எப்படி? சர்க்கரை பார்த்தீர்களா?

காய்ச்சலும் ஒரு வகையில் நல்லதுக்குத்தான் போலிருக்கிறது. சாப்பாடு குறைந்தது, அப்படியே பழகிவிட்டேன். காலையில் ஐந்து மணிக்கு நடை. அம்மா என்னைப் பார்த்து, "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே, கண்ணு படப்போகுது" என்று மிளகாய் சுற்றிப் போடுகிறாள்.

ஓணத்துக்கு வர முடியாது சேச்சி. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. பார்க்கக்கூடாது என்று பேசியிருக்கிறோம்.

உங்கள்,
லதிகா

எடை: 91


ஒற்றப்பாலம்,
செப்டம்பர் 12

அன்புள்ள லதிகாவுக்கு,

காய்ச்சல் என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இப்போது தெம்பாக இருக்கிறாயா? இங்கே சுகம்.

தொண்ணூற்றொன்று என்ற எண்ணை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை படித்தேன். பன்னிரண்டு கிலோ. சுகுமாரேட்டனிடம் காட்டினேன். "பாத்தியா, அவளால முடியுது. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே" என்றார். எனக்கு இரண்டு கிலோதான் இறங்கியது. ஓணத்தன்று அடைப்பிரதமன் பாயசம் அரைக் குவளை குடித்தேன். ஒளிக்கவில்லை, எழுதிவிட்டேன்.

நம் வீட்டில் படிப்பு எனக்கு, அழகு உனக்கு என்று பங்கு பிரித்திருந்தார்கள். மன உறுதியும் உனக்கே போயிருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. பொறாமை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெருமைதான் அதிகம். ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நீ என்ன சாப்பிடுகிறாய், வேளைக்கு எவ்வளவு, விவரமாக எழுது. அப்படியே செய்கிறேன்.

சேச்சி

எடை: 115


திருப்பூணித்துறை,
அக்டோபர் 10

பிரியமுள்ள சேச்சிக்கு,

எல்லோரும் சுகம், அங்கேயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

ரகசியம் ஒன்றுமில்லை. காலையில் ஒரு முட்டை வெள்ளை. மத்தியானம் அஸ்வதி குழந்தையாக இருந்தபோது ஊட்டிய அந்த வெள்ளிக் கிண்ணம் ஞாபகமிருக்கிறதா? அதில் பாதி, மசித்த பருப்பு. ராத்திரி மோர். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை. பிறகு வாய் வாயாகக் குடிக்கிறேன். பசி? பசியே வருவதில்லை சேச்சி. சோற்றைப் பார்த்தால் யாருடைய சோறோ என்று தோன்றுகிறது. வைராக்கியம் வந்துவிட்டால் பசி தானே அடங்கிவிடும்.

தலைமுடிதான் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. தண்ணீர் சரியில்லை.

முக்கிய செய்தி: அஸ்வதிக்குத் தலச்சேரியிலிருந்து ஒரு வரன். நல்ல குடும்பம். பையனின் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "கல்யாண வயசுல பொண்ணு இருக்கிற மாதிரியே தெரியலையே" என்றாராம். அஸ்வதி கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள், அதைப் பற்றித்தான் கேட்டார்கள். "நானும் இவ வயசுல அப்படித்தான் இருந்தேன், இப்ப பாருங்க" என்றேன்.

உங்கள்,
லதிகா

எடை: 84


ஒற்றப்பாலம்,
நவம்பர் 19

அன்புள்ள லதிகாவுக்கு,

உங்கள் எல்லோரின் சுகத்தையும் விரும்புகிறேன். வரன் பற்றிச் சந்தோஷம்.

கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன்.

நீ எழுதியபடியே அரைக் கிண்ணம் சாப்பிட்டேன். எனக்குப் பசி அடங்கவில்லை. பகலெல்லாம் வயிற்றுக்குள் நாய் கட்டிப்போட்டதுபோல் இருந்தது. வைராக்கியம் போதவில்லை என்று நினைத்து அதையும் பாதியாக்கினேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டேன். ஒன்பதாம் தேதி, இரண்டாம் வருட வகுப்பில், பலகையில் எழுதிக்கொண்டே விழுந்துவிட்டேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு. என்னைத் தூக்க ஆறு பையன்கள் வேண்டியிருந்தது. அரை மயக்கத்திலும் காது கேட்டது. "டேய், மேடத்தோட இடுப்பை நீ பிடி." "ஏன்டா, நீ பிடியேன்." சத்தத்தை அடக்கிச் சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை.

சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்றார்கள். திருச்சூர் டாக்டரைத் திரும்பப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். அதைப் பற்றித்தான் உன்னைக் கேட்கிறேன். நீ எப்படிச் சமாளிக்கிறாய் லதிகா? ஒரு நாளாவது உனக்குப் பசிக்கவில்லையா? உண்மையாகச் சொல்.

சேச்சி

எடை: 109.5


திருப்பூணித்துறை,
டிசம்பர் 8

பிரியமுள்ள சேச்சிக்கு,

விழுந்தது கேட்டு அம்மா அழுதாள். கை இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பாட்டோடு போடுங்கள். கல்யாண வேலையில் இதை அவசரமாக எழுதுகிறேன்.

டாக்டரிடம் போகாதீர்கள் சேச்சி. எட்டு கிலோ இறங்கியிருக்கிறதே, அது சின்ன விஷயமா? கொஞ்சம் பொறுங்கள். ஏப்ரலில், மேடம் மாதம் பத்தாம் தேதி, அஸ்வதி கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எதுவானாலும் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பரணித் துலாபாரத்தையும் தள்ளி வைப்போம். கும்பத்தில் எனக்கு அங்கே வர முடியாது. தனியாகப் போய் நேர்ந்துகொள்ள வேண்டாம். போனால் சேர்ந்துதான் போகவேண்டும்.

உங்கள்,
லதிகா

எடை: 78


ஒற்றப்பாலம்,
ஜனவரி 4

லதிகா,

எல்லோரும் சுகம்.

உன் பேச்சைக் கேட்காமல் பூக்காட்டுக்காவுக்குப் போனேன். அந்தத் துலாத்தட்டு என்னைத் தாங்குமா, கூட்டமில்லாத வேளை எது என்று முன்கூட்டியே கேட்டுவைக்கத்தான். கவுண்டரில் சங்குண்ணி வாரியர் இருந்தார். ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"யாருக்கு நேர்த்தி, டீச்சர்?"

"எனக்கும் தங்கச்சிக்கும். பரணிக்கு."

"தங்கச்சின்னா லதிகாதானே, திருவோணம் நட்சத்திரம்? அவங்களுக்குத்தான் போன செப்டம்பர் கடைசியில, கன்னி மாசமே முடிஞ்சுதே. ஆபரேஷன் நல்லபடியா ஆனதுக்கு."

"அது வேற லதிகாவா இருக்கும்."

"நல்லா இருக்கே! உங்கம்மா கையைப் பிடிச்சு நான்தானே படியேத்தினேன். எம்பத்தாறு கிலோ கதலி. உங்க தங்கச்சி, 'மைக்குல பேரும் நட்சத்திரமும் போதும், எதுக்குன்னு சொல்ல வேணாம்'னாங்க. உங்கம்மா ஒத்துக்கவே இல்ல. 'எதுக்காகன்னு சொல்லாம குடுத்தா பகவதிக்கு எப்படிடீ தெரியும்? மனுஷங்ககிட்ட மறைச்சது போதும்'னு ஒரே சண்டை. கடைசியில மைக்குல சொல்லித்தான் குடுத்தோம். அதுசரி, நீங்களும் கோயம்புத்தூர்லதான் பண்ணிக்கப் போறீங்களா?"

எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடியும் கேட்டார். பாவம், நல்ல எண்ணத்தில்தான்.

ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள், லதிகா. காவில் பூ விற்கிறவளுக்குத் தெரியும். வாழைத்தார் சுமக்கிறவனுக்குத் தெரியும்.

அரச மரத்தடியில் உட்கார்ந்து உன் கடிதங்களை மனத்துக்குள் திரும்பப் படித்தேன். அரைக் கிண்ணம். வாய் வாயாகத் தண்ணீர். உதிர்கிற முடி. பசியே வருவதில்லை. இரைப்பையின் மேல்பாகம்தான் பசியை எழுப்பும் சுரப்பைச் சுரக்கிறது. அதை வெட்டினால் பசி போய்விடும். இதை நான் ஒவ்வொரு வருடமும் பரீட்சையில் கேள்வியாகக் கேட்கிறேன். பதில் உன் கையெழுத்தில் என் மேசையில் இருந்தது. எழுதியது நீ என்பதால் நான் திருத்தவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜூன் பதினேழாம் தேதி, "என்மேல் ஆணை" என்று எழுதினாயே, அப்போது உனக்குத் தேதி குறித்தாகிவிட்டதா?

ஜலஜா


திருப்பூணித்துறை,
ஜனவரி 15

என் சேச்சிக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஆமாம். குறித்தாகிவிட்டது. ஜூலை பதினாறு.

உங்கள் கடிதம் வந்த அன்று உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் வந்து, "அவ பண்ணிக்கிட்டா ஊரெல்லாம் சொல்லுவாளே, அவளுக்கு ஒளிக்கத் தெரியாதே" என்றாள். அது உண்மைதானே சேச்சி? யாராவது கேட்டால் சொல்லிவிடுவீர்கள். அக்கா செய்துகொண்டாள் என்றால் அடுத்து தங்கையைப் பார்ப்பார்கள். தங்கையைப் பார்த்த பிறகு அஸ்வதியைப் பார்ப்பார்கள். அந்த வீட்டுப் பெண்கள் வயிற்றை வெட்டினால்தான் இளைப்பார்கள் என்று ஒருவன் சொன்னால் போதாதா? அப்போதே இரண்டு வரன் அவள் உடம்பைப் பார்த்துத் திரும்பிப் போயிருந்தது. அதை உங்களிடம் சொல்லவில்லை.

கல்யாணம் வரைக்கும்தான் என்று நினைத்தேன். பிறகு உங்கள் செப்டம்பர் கடிதம் வந்தது. மன உறுதி உனக்கே போயிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நாற்பத்தைந்து வருடத்தில் நீங்கள் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

நீங்கள் விழுந்தபோது எழுதியிருக்க வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நம்ப வேண்டாம், ஆனால் கிழித்தேன்.

பதில் போடுங்கள்.

லதிகா


திருப்பூணித்துறை,
பிப்ரவரி 6

சேச்சிக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனையும் எடுக்கவில்லை. கை கட்டு அவிழ்த்தாகிவிட்டதா? அம்மா சாப்பிடுவதில்லை.

இப்போது கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். பையனின் அம்மாவுக்கு ஒற்றப்பாலத்தில் உறவு இருக்கிறது. பரணிக்கு வருகிறாராம், டீச்சரையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அவர் கேட்பார். என்னைத் தண்டியுங்கள் சேச்சி. அஸ்வதியை வேண்டாம்.

லதிகா


ஒற்றப்பாலம்,
மார்ச் 2

லதிகா,

கட்டு அவிழ்த்து ஒரு மாதமாகிறது. வலது கையால்தான் எழுதுகிறேன்.

திருச்சூர் டாக்டரிடம் போனேன். சர்க்கரை கண்ணையும் தொட்டுவிட்டது, ஆகஸ்டில் வந்திருந்தால் இந்தக் கோளாறு ஆரம்பித்திருக்காது என்றார். யார் தடுத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. அன்று போனை எடுத்த பெண் எழுதிவைத்த காரணம் கோப்பிலேயே இருந்தது. ஆபரேஷனுக்கு மார்ச் இருபத்து மூன்று என்று தேதி. பயம் அப்படியேதான் இருக்கிறது. இந்த முறை யாரிடமும் யோசனை கேட்கவில்லை. சுகுமாரேட்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அந்த வாயை முதல்ல மூடுங்க" என்றேன். மூடிவிட்டார்.

பரணியன்று தட்டில் உட்கார்ந்தேன். அடைத்துக்கொண்டு கூட்டம். நூற்றுப் பதினொன்று. எதிர்த் தட்டில் கதலி போதாமல் இரண்டு பேர் கடைக்கு ஓடினார்கள். அதுவரை கால் தரையில் பட அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், "இவங்களுக்கு மட்டும் எதுக்கும்மா இவ்வளவு பழம்?" என்று கேட்டாள். வாரியர் என்னைப் பார்த்தார். "சொல்லுங்க" என்றேன். "ஜலஜா, ரோகிணி, உடல் மெலிய அறுவைச் சிகிச்சை நல்லபடியாக நடக்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். பூமி பிளக்கவில்லை. தட்டு மேலே எழும்பியது.

சம்பந்தியம்மா மறுநாள் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார், மரியாதைக்காக அதைச் சுற்றியே போனார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். லதிகா எப்படித்தான் அவ்வளவு எளைச்சாங்க? அவங்களும் உங்களை மாதிரி..."

"இல்ல. நடந்தா. காலையில அஞ்சு மணிக்கு."

"வெறும் நடையிலயா?"

"சாப்பாட்டையும் குறைச்சா. அரைக் கிண்ணம்."

"அப்ப நீங்க ஏன் அப்படிச் செய்யல?"

"எனக்கு அவ அளவு வைராக்கியம் இல்ல."

சிரித்துக்கொண்டே என் கையைத் தட்டிக் கொடுத்தார். நம்பிவிட்டார். எனக்கு ஒளிக்கத் தெரியாது என்று அம்மா சொன்னாளாமே. தெரிகிறது என்று சொல். அஸ்வதிக்காகச் சொன்னேன், உனக்காக இல்லை.

வாரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன். பயப்படாதே.

மேடம் பத்துக்குள் தையல் ஆறியிருந்தால் கல்யாணத்துக்கு வருவேன். அம்மாவின் காலைத் தொடுவேன், பெண்ணை வாழ்த்துவேன். நாம் இருவரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி கடைசி வரியில் எடை எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. சுகமா என்றும் இந்தக் கடிதத்தில் உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் எழுதுவாய். அதை நான் நம்பவேண்டியிருக்கும்.

ஜலஜா